பதினேழு டாலர் கிதாரும் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகளும்

கேள்வி இதுதான்: மலைக்கிராமத்து ஏழை வீட்டில் பிறந்து, பதின்மூன்று வயதில் திருமணமாகி, நான்கு குழந்தைகளைப் பெற்ற பிறகு அமெரிக்காவின் முன்னணிப் பாடகியானார் என்று லொரெட்டா லின்னைப் பற்றிச் சொல்கிறார்களே, இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு விளம்பரம்? உண்மை என்றால் அது எப்படி நடந்தது?

பெரும்பகுதி உண்மை. ஒரு பொய் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நிம்மதியாகப் பேசலாம். பதின்மூன்று வயதில் திருமணம் என்பது தவறு. 2012-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் கென்டகி மாநிலத்துப் பதிவேடுகளைத் தேடிப் பார்த்தது. அவர் பிறந்தது 1932 ஏப்ரல் 14 என்றும், திருமணம் நடந்தது 1948 ஜனவரி 10 என்றும் தெரியவந்தது. கணக்குப் போட்டால் பதினைந்து வயதும் ஒன்பது மாதமும் ஆகிறது. மேடைத் தொழிலில் இருப்பவர்கள் வயதில் இரண்டு மூன்றைக் குறைப்பது உலகம் முழுவதும் நடப்பதுதான். அதனால் முழுக் கதையும் இட்டுக்கட்டியது என்று முடிவு கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பதினைந்து வயதில் தாலி ஏறுவது மட்டும் வசதியான வாழ்க்கையா என்ன?

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். 'கண்ட்ரி மியூசிக்' என்பதை நாட்டுப்புற இசை என்று தமிழில் எழுதுகிறார்கள். பாதிதான் சரி. அதன் வேர் அப்பலேச்சிய மலைகளின் வாய்மொழிப் பாட்டில் இருக்கிறது. லொரெட்டா நுழைந்த காலத்திலோ அது டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் ஒலிப்பதிவுக் கூடங்களும் இசைத்தட்டு நிறுவனங்களும் பாடல் உரிமை வணிகர்களும் சேர்ந்து நடத்திய ஒரு தொழில். அந்தத் தொழிலின் சூட்சுமங்கள் தெரியாவிட்டால் அவர் மேலே வந்தது அதிசயம்போலத்தான் தெரியும்.

அவர் பிறந்த இடம் கிழக்குக் கென்டகியில் வேன் லியர் என்ற சுரங்க ஊருக்கு மேலே இருக்கும் புச்சர் ஹாலர். ஹாலர் என்றால் இரண்டு மலைகளுக்கு நடுவே இறங்கும் ஒடுங்கிய இடுக்கு. வெயில் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடும். அப்பா மெல்வின் வெப், எல்லோருக்கும் டெட். இரவில் நிலக்கரிச் சுரங்கம், பகலில் சரிவு நிலத்தில் சோளக்கொல்லை. எட்டுப் பிள்ளைகளில் லொரெட்டா இரண்டாவது. மரப்பலகைச் சுவரின் இடைவெளி வழியே குளிர்காற்று வராமலிருக்க அம்மா கிளாரா பழைய செய்தித்தாளையும் பத்திரிகைப் பக்கங்களையும் சுவரெங்கும் ஒட்டியிருந்தார். அப்படி ஒட்டிய படங்களில் ஒன்று லொரெட்டா யங் என்ற சினிமா நடிகையுடையது; மகளின் பெயர் அங்கிருந்து வந்தது. படம் பார்க்கக் காசில்லாத வீட்டில் சினிமாப் பெயர் நுழைந்த வழி அது.

அந்தப் பகுதியின் சுரங்க ஊர்களில் வீடு, கடை, மருத்துவர் எல்லாம் கம்பெனியுடையவை. கூலியில் ஒரு பங்கு அந்தக் கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும் உலோக வில்லையாகக் கைக்கு வருவது அங்கே சகஜம். சம்பாதித்த பணம் சம்பளம் கொடுத்தவரிடமே திரும்பிப் போய்ச் சேரும். டெட் வெப் 1959-இல் 52 வயதில் பக்கவாதத்தில் இறந்தார். நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் நோய் ஏற்கனவே இருந்தது. அந்த நோய்க்கு இழப்பீடு கொடுக்க வகைசெய்த மத்தியச் சட்டம் 1969 டிசம்பரில்தான் நிறைவேறியது. அதற்கு முந்தைய ஆண்டு மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் சுரங்கத்தில் 78 பேர் இறந்த பிறகே அரசுக்கு அவசரம் வந்தது.

வீட்டில் பாட்டரி ரேடியோ ஒன்று இருந்தது. பாட்டரி தீர்ந்துவிடும் என்பதால் வாரம் முழுவதும் வாயடைத்துக் கிடக்கும் அது சனிக்கிழமை இரவில் பேசும். நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். நிலையம் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' நிகழ்ச்சியை நேரலையில் ஒலிபரப்பும். அந்த நிலையத்தை நடத்தியது ஒரு காப்பீட்டு நிறுவனம். 50,000 வாட் சக்தியில் மலை தாண்டிப் போன அந்தப் பாட்டெல்லாம் ஒருவகையில் பாலிசி விற்கும் வேலைதான். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

திருமணம் நடந்த விதத்தை லொரெட்டாவே சுவையாகச் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பெண்கள் சுட்டுக் கொண்டுவரும் பலகாரங்களை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் அந்தப் பெண்ணை வீடுவரை கொண்டுவிடலாம். லொரெட்டா செய்து கொண்டுபோனது சாக்லேட் பலகாரம். ராணுவத்திலிருந்து திரும்பியிருந்த ஆலிவர் லின், டூலிட்டில் என்று ஊர் அழைத்த இளைஞர், ஐந்து டாலர் வரை ஏலத்தை ஏற்றி அதை எடுத்தார். வாயில் வைத்ததும்தான் தெரிந்தது, சர்க்கரைக்குப் பதில் உப்பு. ஒரு மாதத்தில் கல்யாணம். அந்த ஆண்டிலேயே, முதல் குழந்தை வயிற்றில் இருக்க, இருவரும் நாட்டின் மறுகோடிக்கு, கனடா எல்லையை ஒட்டிய வாஷிங்டன் மாநிலத்தின் கஸ்டர் ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். சுரங்கத்துக்குள் போகமாட்டேன் என்பது டூலிட்டிலின் பிடிவாதம். அங்கே அவருக்குப் பண்ணை வேலை, மரம் வெட்டும் வேலை. இவருக்கு வீட்டு வேலை, துணி துவைப்பது, பருவத்தில் ஸ்ட்ராபெர்ரி பறிப்பது. இருபது வயதுக்குள் நான்கு குழந்தைகள்.

1953-இல் டூலிட்டில் பதினேழு டாலருக்கு ஒரு ஹார்மனி கிதார் வாங்கி வந்தார். குழந்தைகளைத் தூங்கவைக்க மனைவி பாடுவதைக் கேட்டவர், ரேடியோவில் பாடுகிறவர்களைவிட இவள் ஒன்றும் குறைந்தவள் இல்லை என்று முடிவு செய்திருந்தார். லொரெட்டாவுக்கு அந்த எண்ணமே கிடையாது. நான்கு பேருக்கு முன்னால் வாய்திறக்கக் கூசுகிறவர். கிதாரைத் தானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டு, ஏற்கனவே இருக்கும் பாட்டுகளைப் பாடிப் பார்த்து, பிறகு சொந்தமாகக் கட்டத் தொடங்கினார். கிதார் வந்ததற்கும் முதல் இசைத்தட்டுக்கும் இடையில் ஏழு ஆண்டுகள். கதை சொல்கிறவர்கள் இந்த ஏழு ஆண்டுகளை ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு முக்கியமானவை அந்த ஆண்டுகள்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மத்தியானத்தில் உட்கார்ந்து பழகிய பெண்ணுக்கு ஆசிரியர் இல்லை, போட்டி இல்லை, அவசரமும் இல்லை. இன்னாரைப்போலப் பாடவேண்டும் என்று சொல்ல யாரும் இல்லாததால்தான் அவருடைய உச்சரிப்பு பிழைத்தது.

அப்புறம் உள்ளூர் மதுக்கூடங்கள். தம்பியைக் கிதாருக்கு வைத்துக்கொண்டு 'டிரெயில்பிளேசர்ஸ்' என்ற சிறு குழு. டகோமா நகரத் தொலைக்காட்சியில் பாடகர் பக் ஓவன்ஸ் நடத்திய பாட்டுப்போட்டியில் பரிசாக ஒரு கைக்கடிகாரம். அதன் வழியாக நார்ம் பர்லி என்ற வாங்கூவர் மரவியாபாரியின் கண்ணில் பட்டார். ஜீரோ ரெக்கார்ட்ஸ் என்ற சின்னஞ்சிறு நிறுவனம் 1960 பிப்ரவரியில் அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்துப்போய் 'ஹாங்கி டாங்க் கேர்ள்' என்ற அவருடைய சொந்தப் பாட்டைப் பதிவு செய்தது. ஸ்பீடி வெஸ்ட் ஸ்டீல் கிதார் வாசித்தார். அந்த வாத்தியத்தில் அவர் பெரிய கை.

இங்கேதான் தொழில் சூட்சுமம் வருகிறது. ஜீரோ நிறுவனத்துக்கு விநியோகம் கிடையாது, விளம்பரம் கிடையாது. ஆனால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஊர் ரேடியோ நிலையத்திலும் எந்தத் தட்டைச் சுழற்றுவது என்று முடிவுசெய்தவர் அங்கே உட்கார்ந்திருந்த அறிவிப்பாளர். தலைமையகத்திலிருந்து பட்டியல் வராது. ஆகவே அந்த அறிவிப்பாளரை எட்டிவிட்டால் போதும். டூலிட்டில் மனைவியைப் புகைப்படம் எடுத்து, இசைத்தட்டோடு சேர்த்து நாடெங்கும் உள்ள நிலையங்களுக்குத் தபாலில் அனுப்பினார். பிறகு இருவரும் பழைய காரில் கிளம்பினார்கள். ரொட்டிக்கு நடுவில் சீஸும் மலிவான இறைச்சித் துண்டும் வைத்துத் தின்று, காரிலேயே தூங்கி, ஒலிபரப்புக் கோபுரம் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் நிறுத்தி, உள்ளே போய்த் தட்டை நீட்டினார்கள். கோடைக்குள் அந்தப் பாட்டு, பில்போர்டு பத்திரிகை வெளியிடும் கண்ட்ரி பாடல் தரவரிசைப் பட்டியலில் 14-ஆம் இடத்துக்கு வந்துவிட்டது. 1960 அக்டோபரில் ஓப்ரி மேடை. பாட்டரி தீராமல் மிச்சம் பிடித்துக் கேட்ட அதே நிகழ்ச்சி. மகள் பாடி முதல் தட்டு வெளிவந்தபோது அப்பா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது.

நாஷ்வில்லில் அவருக்கு வாசல் திறந்தவர்கள் இரண்டு தரப்பினர். பாடகர்களான வில்பர்ன் சகோதரர்கள் அவருடைய மேலாண்மையை எடுத்துக்கொண்டு டெக்கா இசைத்தட்டு நிறுவனத்திலும் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லியிடமும் சேர்த்துவிட்டார்கள். இன்னொருவர் அன்றைய முன்னணிப் பாடகி பேட்ஸி கிளைன். 1961 ஜூனில் கார் விபத்தில் பலத்த காயத்தோடு மருத்துவமனையில் கிடந்தவர் பேட்ஸி. அவருடைய பாட்டையே ஒரு புதுப் பெண் நள்ளிரவு ரேடியோ நிகழ்ச்சியில் அவருக்காகப் பாடுவதைக் கேட்டு, கணவரை அனுப்பி அந்தப் பெண்ணை அழைத்துவரச் சொன்னார். தன் பாட்டைப் புதியவள் பாடினாள் என்று முகம் சுளித்திருக்கலாம். சுளிக்கவில்லை. உடை கொடுத்தார், மேடையில் நிற்கச் சொல்லிக்கொடுத்தார். லொரெட்டா சொன்ன இன்னொரு சம்பவம்: இந்தப் பட்டிக்காட்டுப் பெண்ணுக்கு ஓப்ரியில் ஏன் இத்தனை வாய்ப்பு என்று பொருமிய சில பாடகிகள் ஒன்றுகூடி, பேட்ஸியையும் அழைத்தார்கள். பேட்ஸி போனார், லொரெட்டாவைக் கையோடு அழைத்துக்கொண்டு. கூட்டம் அடங்கிவிட்டது. 1963 மார்ச்சில் விமான விபத்தில் பேட்ஸி இறந்தார். அடுத்த ஆண்டு பிறந்த இரட்டைப் பெண்களில் ஒருத்திக்கு அவர் பெயர்.

இதுவரை சொன்னது எல்லாம் அவர் எப்படி உள்ளே நுழைந்தார் என்பதுதான். ஏழைக் குடும்பத்திலிருந்து வந்த நல்ல குரல்கள் அந்த ஊரில் தெருவுக்குப் பத்துப் பேர். அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்தது அவர் எழுதியது. அதுவரை கண்ட்ரி பாட்டில் பெண் பெரும்பாலும் ஏமாற்றப்பட்டு அழுகிறவள், அல்லது ஆணைக் கெடுக்கிறவள். லொரெட்டா எழுதிய பெண் சமையலறை வாசலில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறவள்.

ஒரு பாட்டு பிறந்ததைப் பாருங்கள். மேடைக்குப் பின்னால் ஒரு பெண் அழுதுகொண்டே வந்து, தன் கணவனோடு உட்கார்ந்திருக்கும் இன்னொருத்தியைத் திரைக்கு இடையே காட்டினாள். லொரெட்டா அந்த இன்னொருத்தியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவளுக்கா உன் புருஷனைப் பறிக்கும் தகுதி இருக்கிறது என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னார். சொன்ன வாக்கியம் காதில் விழுந்ததும் அதுவே பாட்டு என்று புரிந்து, ஒப்பனை அறைக்குள் போய் எழுதி முடித்தார். 1966-இல் 'யூ ஏன்ட் வுமன் இனஃப்' பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. அடுத்து, குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து கொஞ்சாதே என்று கணவனிடம் சொல்லும் பாட்டு. 1967-இல் அது அவருடைய முதல் முதலிடம். அதற்கு அடுத்த ஆண்டு 'ஃபிஸ்ட் சிட்டி', தன் கணவனைச் சுற்றி வருகிறவளைக் குத்துவேன் என்று நேரடியாகச் சொல்லும் பாட்டு. மூன்றுக்கும் மூலப்பொருள் வெளியே தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை. டூலிட்டில் குடிப்பார், வேறு பெண்களிடம் போவார், கை நீட்டுவார். ஒரு அடிக்கு இரண்டு அடி திருப்பிக் கொடுத்தேன் என்று லொரெட்டா பிற்காலத்தில் சொன்னார். அதைப் பெருமையாகச் சொல்லும் பேட்டிகளைக் கேட்கும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். கிதார் வாங்கித் தந்தவரும் அவர்தான், பாட்டுக்கான காயத்தைத் தந்தவரும் அவர்தான். 1996-இல் டூலிட்டில் இறக்கும்வரை நாற்பத்தெட்டு ஆண்டுகள் சேர்ந்தே வாழ்ந்தார்கள். இதில் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் மறுபக்கம் மிச்சம் நிற்கிறது.

இனி அந்தப் பெரிய பாட்டு, 'கோல் மைனர்ஸ் டாட்டர்', அதாவது சுரங்கத் தொழிலாளியின் மகள். 1969 அக்டோபரில் பதிவாகி, ஓராண்டு கிடப்பில் இருந்து, 1970 டிசம்பரில் முதலிடத்துக்கு வந்தது. வறுமையைப் பற்றிய பாட்டு என்பார்கள். கவனித்துக் கேட்டால் அதில் வறுமை என்று புலம்பும் இடமே இல்லை, பொருட்கள்தான் இருக்கின்றன. துணி துவைக்கும் பலகையில் தேய்த்துத் தேய்த்து ரத்தம் கசிந்த அம்மாவின் விரல்கள், மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பைபிள், கோடையில் வெறுங்கால், குளிர்காலத்துக்குப் பன்றியை விற்ற காசில் தபால்வழிக் கடையில் வரவழைத்த செருப்பு. ஒரு ஏழை வீட்டின் ஆண்டு வரவுசெலவுக் கணக்கு அப்படியே பாட்டாகியிருக்கிறது. லொரெட்டா எழுதியது இன்னும் நீளம். பாடகர் மார்ட்டி ராபின்ஸின் நீண்ட கதைப்பாட்டு ஒன்றைச் சுட்டி, அதுபோல இன்னொன்று வேண்டாம் என்று பிராட்லி சில சரணங்களை வெட்டச் சொன்னார். வெட்டியவை போனவைதான். அதற்காக லொரெட்டா பிற்காலத்தில் வருந்தினார்.

அந்தப் பாட்டில் ஒரு இயைபு இருக்கிறது. கடினம் என்ற பொருளுள்ள 'ஹார்ட்', களைத்தோம் என்ற பொருளுள்ள 'டயர்ட்' இரண்டையும் அடியிறுதியில் இணைக்கிறார். பள்ளிக்கூட ஆங்கிலத்தில் இவை இரண்டும் ஒட்டாது. கிழக்குக் கென்டகிக்காரர் வாயில் 'டயர்ட்' என்பது 'டார்ட்' என்று விழும், உடனே பொருந்திவிடும். அச்சில் தப்பாகத் தெரிவது காதில் சரியாகிறது. நாஷ்வில் தயாரிப்பாளர் நினைத்திருந்தால் அந்தச் சொல்லை மாற்றச் சொல்லியிருக்கலாம். பிராட்லி அதை விட்டுவைத்தார். அவர் உச்சரிப்பைத் திருத்த முயலவேயில்லை என்பதற்காகவே பிராட்லியை மதிக்கிறேன்.

இதற்கு நேரெதிர் உதாரணம் அதே வீட்டில் இருக்கிறது. கடைசித் தங்கை கிறிஸ்டல் கேல். 1951-இல் பிறந்தவர், குடும்பம் இண்டியானாவுக்குக் குடிபெயர்ந்ததால் அங்கே வளர்ந்தவர். நீ என்னைப்போலப் பாடாதே, என்னைப்போல ஒருத்தி ஏற்கனவே இருக்கிறாள் என்ற பொருளில் அக்கா எச்சரித்தார். தங்கை மலை வாசனையே இல்லாத வழுவழுப்பான குரலில் 1977-இல் நாடு முழுவதும் பரவிய பாட்டைத் தந்தார். அக்கா ஒருபோதும் உச்சத்தை நெருங்காத பாப் பட்டியலில் அது இரண்டாம் இடம். ரத்தம் ஒன்று, தொண்டையும் ஏறக்குறைய ஒன்று. கேட்டு வளர்ந்த பேச்சு வேறு.

1972-இல் கண்ட்ரி இசைச் சங்கம் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதை முதன்முறையாக ஒரு பெண்ணுக்கு, லொரெட்டாவுக்கு, கொடுத்தது. அதே ஆண்டில் பதிவு செய்த 'தி பில்' பாட்டை நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பூட்டி வைத்திருந்தது. ஆண்டுதோறும் பிள்ளை பெற்று அலுத்த மனைவி, கருத்தடை மாத்திரை கையில் வந்துவிட்டது, இனி உன் ஆட்டம் செல்லாது என்று கணவனிடம் சொல்லும் பாட்டு. 1975-இல் வெளிவந்ததும் பல நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன, கென்டகியில் ஒரு போதகர் பிரசங்க மேடையிலேயே கண்டித்தார். பாட்டு கண்ட்ரி பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது. பாப் பட்டியலிலும் அவர் தனியாகப் பாடியவற்றில் எட்டிய உயர்ந்த இடம் அதற்குத்தான், 70. கவனியுங்கள், அமெரிக்க அரசு அந்த மாத்திரைக்குக் கருத்தடைக்கான அனுமதி கொடுத்தது 1960-இல், இவருடைய முதல் தட்டு வந்த அதே ஆண்டில். மாத்திரை வந்தபோது அவருக்கு நான்கு பிள்ளைகள். பாட்டு வந்தபோது ஆறு பிள்ளைகள், பேரப்பிள்ளைகளும் கூட. கொள்கைப் பிரகடனம்போல அதை மேற்கோள் காட்டும் நகரத்து விமர்சகர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

பணம்? வந்தது. 1966-இல் டென்னசியின் ஹரிக்கேன் மில்ஸில் பெரிய பண்ணை வாங்கினார்கள். ஆனால் எழுதிய பாட்டுகளின் உரிமை வில்பர்ன் சகோதரர்களின் பதிப்பு நிறுவனத்திடம் கிடந்தது. எழுபதுகளில் அவர்களைவிட்டு விலகியபோது வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. எழுதினால் உரிமை அங்கே போகும் என்பதால் எழுதுவதையே குறைத்துக்கொண்டார். கம்பெனிக் கடை வில்லையை நினைத்துக்கொள்ளுங்கள், இது புரியும். உடம்பும் கணக்குத் தீர்த்தது: ஓயாத பயணம், ஒற்றைத் தலைவலி, மேடையில் மயக்கம். 1984-இல் மகன் ஜாக் பென்னி பண்ணை ஆற்றைக் குதிரையில் கடக்கும்போது மூழ்கி இறந்தார். களைப்பில் விழுந்து வேறு மாநில மருத்துவமனையில் கிடந்த தாய்க்கு அங்கே வந்துதான் செய்தி சொன்னார்கள்.

1976-இல் சுயசரிதை, 1980-இல் அதன் சினிமா. சிஸ்ஸி ஸ்பேஸெக் பாட்டுகளைத் தானே பாடி நடித்து ஆஸ்கர் வாங்கினார். உங்கள் கேள்வியில் இருக்கும் கதை பெரும்பாலும் அந்தப் படத்திலிருந்து பரவியது. படம் நேர்மையானது, என்றாலும் இரண்டு மணி நேரத்தில் ஏழு ஆண்டுப் பயிற்சியும் ஆண்டுக்கணக்கான ஒப்பந்த வழக்கும் அடங்குமா? 72 வயதில், 2004-இல், ராக் இசைக்காரர் ஜாக் வைட்டோடு சேர்ந்து 'வேன் லியர் ரோஸ்' வெளியிட்டு இரண்டு கிராமி வாங்கினார். 2013-இல் ஒபாமா கையால் நாட்டின் உயரிய குடிமகன் விருது. 2022 அக்டோபர் 4-ஆம் தேதி ஹரிக்கேன் மில்ஸ் வீட்டில், தூக்கத்தில், 90 வயதில் மறைந்தார்.

அந்தப் பண்ணையில் பிறந்த வீட்டின் நகலையும், அப்பா வேலை பார்த்ததுபோன்ற ஒரு சுரங்கத்தின் மாதிரியையும் கட்டிவைத்திருக்கிறார்கள். சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையான வீடு இன்னும் புச்சர் ஹாலரில் நிற்கிறது. பழைய கம்பெனிக் கடையை வெப் குடும்பத்தார் மளிகைக்கடையாக நடத்திவந்தார்கள். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் அங்கேதான் போய்க் கேட்பார்கள்.

கேட்கத் தொடங்குவதென்றால் 1960-இன் தட்டையும் 1970-இன் தட்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். முதலாவதில் ரேடியோவில் கேட்ட மூத்த பாடகி கிட்டி வெல்ஸின் சாயல் லேசாக இருக்கிறது. இரண்டாவதில் அந்த 'டயர்ட்' வரும் வரிக்குக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.